அடித்து ஆடுகிறவரிடம் போக்கர்: ரம்மிப் பழக்கத்தால் வரும் தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் சீட்டு என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரம்மிதான். சென்னைக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவர்கள் ஏலகிரி எக்ஸ்பிரஸில் முழங்கால்களின் மேல் செய்தித்தாளை விரித்து ஆடுவதும், கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மொட்டைமாடியில் பாய் போட்டு ஆடுவதும் அதுவே. அந்த ஆட்டத்தில் தேறியவர்களுக்கு நினைவாற்றலும் கணக்கும் நன்றாகவே இருக்கும். கையிலுள்ள இரண்டு சீட்டுகளையும் மேசையில் விரியும் ஐந்து பொதுச் சீட்டுகளையும் சேர்த்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரின் விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொண்டும் விடுவார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை முறையாகப் படித்துவிட்டு, சுற்றுக்குச் சுற்று ஏற்றி ஆடுகிற கல்லூரி மாணவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால், இரண்டு மணி நேரத்தில் இவர்களுடைய இருப்பு கரைந்துவிடுகிறது.

இதற்குத் துணிச்சல் குறைவுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரம்மியில் விலகுவதற்கான விலையை விதி தீர்மானித்து வைத்திருக்கிறது: புள்ளி ரம்மியில் தொடக்கத்திலேயே டிராப் செய்தால் 20, நடுவில் செய்தால் 40, கடைசிவரை மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் 80. எதிரே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த 40ஐ 60 ஆக்க முடியாது. போக்கரில் ஒவ்வொரு சுற்றிலும் விலையைச் சொல்வது எதிராளி. விலை நிலையாக இருக்கும் ஆட்டத்தில் ஊறிய பழக்கத்தை, விலையை ஆளே சொல்லும் ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுவருவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

மேலே செல்லுமுன் ஒரு செய்தி. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களை, அவை திறமை சார்ந்தவையா அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்று பாராமல் தடை செய்கிறது. எனவே இங்கே வரும் எண்கள் யாவும் குடியாத்தம் தீப்பெட்டியில் இருக்கும் குச்சிகளின் எண்ணிக்கை என்றே கொள்ள வேண்டும். கணக்கைக் கற்றுக்கொள்ளக் குச்சிகளே போதும்.

விலையைப் பாராமல் முகத்தைப் பார்ப்பது

நடுவில் 100 குச்சிகள் குவிந்திருக்கின்றன. எதிராளி 50 வைக்கிறார். அவர் வைத்த அளவையே நாமும் வைத்துத் தொடர்வதை ஈடு வைத்தல் என்று சொல்லிக்கொள்வோம். 50 கொடுத்து 150 குச்சிகளுக்குப் போட்டியிடுகிறோம் என்பதால், நாம் வெல்லும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த ஈடு தகும். அவர் 100 வைத்தால் நமக்குத் தேவைப்படுவது 33 சதவீதம். 200 வைத்தால் 40 சதவீதம். ரம்மியிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கிடுவதற்குப் பதிலாக, "இவரிடம் இருக்கிறதா, இல்லையா" என்ற ஒரே கேள்வியோடு எதிராளியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரரின் முகத்தில் எதுவும் இருக்காது.

இதே கணக்கை அவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 100 உள்ள குவியலில் அவர் 50 வைத்து வெறுங்கையோடு மிரட்டினால், மூன்றில் ஒரு தடவை நாம் சீட்டை மடக்கி விலகினாலே அவருக்கு நட்டமில்லை. குவியல் அளவுக்கே வைத்தால் இரண்டில் ஒரு தடவை நாம் மடக்க வேண்டும். எனவே பாதிக் குவியல் அளவுள்ள பந்தயத்துக்கு, அந்த இடம்வரை நாம் கொண்டுவரக்கூடிய கைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையாவது விட்டுவிடாமல் தொடர வேண்டியிருக்கிறது. நல்ல ரம்மி ஆட்டக்காரர் சுமாரான கை வந்தால் 20 புள்ளியோடு ஒதுங்கிக்கொள்வது அந்த ஆட்டத்தில் விவேகம்தான். போக்கரில் அதே விவேகத்தோடு ஒவ்வொரு சின்னப் பந்தயத்துக்கும் ஒதுங்கிக்கொண்டே இருந்தால், எதிராளிக்கு நல்ல சீட்டே தேவைப்படாமல் போய்விடும்.

இரண்டு தடவை தோற்றதும் மனம் மாறுவது

தவறுகளில் மிகவும் நுட்பமானது இது. விலை தெரிந்தவர்களையும் விழவைப்பது. ரிவர் எனப்படும் ஐந்தாவது பொதுச் சீட்டு விழுந்த பிறகு, 100 உள்ள குவியலில் தேர்ந்த எதிராளி ஒருவர் குவியல் அளவுக்கே 100 வைக்கிறார் என்று கொள்வோம். கோட்பாட்டின்படி சரியாக ஆடுகிறவர், அந்த அளவுக்கு வைக்கும் மூன்று தடவைகளில் இரண்டு தடவை உண்மையான பலத்தோடும் ஒரு தடவை பிளஃபாகவும், அதாவது வெறுங்கை மிரட்டலாகவும் வைப்பார். அப்படியானால் பிளஃபை மட்டுமே வெல்லக்கூடிய கையோடு ஈடு வைக்கும் நாம் மூன்றில் இரண்டு தடவை தோற்கத்தான் போகிறோம். அந்த இரண்டில் 200 போகிறது. மூன்றாவதில் 200 வருகிறது. வரவும் செலவும் சமம். தோற்ற இரண்டு தடவைகளும் தவறான முடிவுகள் அல்ல.

ஆனால் மேசையில் நடப்பது வேறு. முதல் தடவை ஈடு வைத்து எதிராளியின் மூன்று ராணிகளைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை ஒரே இனத்து ஐந்து சீட்டுகள் சேர்ந்த அவருடைய ஃப்ளஷைப் பார்த்த பிறகு, "இந்த ஆள் சும்மா வைக்கிறவர் இல்லை" என்று முடிவுகட்டி மூன்றாவதில் மடக்கிவிடுகிறோம். அந்த மூன்றாவதுதான் நமக்கு வர வேண்டிய 200. இதற்கு நேர்மாறாக, ஒரு தடவை அவர் வெறுங்கையைக் காட்டிவிட்டால் வீம்பு பிடித்து அன்று முழுவதும் எல்லாவற்றுக்கும் ஈடு வைப்பதும் உண்டு. தேர்ந்தவர் நம்முடைய இந்த ஊசலாட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார். நாம் மடக்கும் மனநிலையில் இருக்கும்போது பிளஃபைக் கூட்டுவார், ஈடு வைக்கும் மனநிலையில் இருக்கும்போது பலமான கையோடு மட்டும் வருவார். அவருடைய திறமை என்று நாம் மெச்சுவதில் பாதி, நம்முடைய மனமாற்றத்தை அவர் படிக்கும் திறமை.

ஒரு கையை முழுவதும் பார்க்கலாம். கட்டாயப் பந்தயங்கள் 5, 10. நாம் 10 வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறோம். நம்மிடம் இஸ்பேட் ராணி, டைமன் பத்து. கடைசியாகப் பேசும் வசதியான இடத்திலுள்ள எதிராளி 25க்கு ஏற்றுகிறார், 5 வைத்தவர் விலகுகிறார், நாம் தொடர்கிறோம், குவியல் 55. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் கிளாவர் ராணி, ஆட்டின் எட்டு, டைமன் மூன்று. அவர் 35 வைக்கிறார், ஈடு வைக்கிறோம், 125. நான்காவது சீட்டு ஆட்டின் ஐந்து. அவர் 85 வைக்கிறார், மீண்டும் ஈடு வைக்கிறோம், 295. ஐந்தாவது இஸ்பேட் மூன்று, பெரும்பாலும் யாருக்கும் உதவாத சீட்டு. அவர் 295 வைக்கிறார்.

இங்கே "பொதுச் சீட்டுகளில் உயர்ந்ததான ராணியோடு சேர்ந்த மேல் ஜோடி இருக்கிறதே" என்று ஈடு வைப்பதும், "மூன்று சுற்றும் வைத்தாரே" என்று மடக்குவதும் இரண்டுமே அரைகுறையான காரணங்கள். அவர் எந்தெந்தக் கைகளோடு இப்படி வந்திருக்க முடியும் என்று எண்ண வேண்டும். நம்மை வெல்லும் கைகள்: ஆஸ், ராஜா அல்லது ஜாக்கியோடு ராணி, ஆஸ் ஜோடியும் ராஜா ஜோடியும், எட்டு ஜோடியை வைத்திருந்து மூன்று எட்டு சேர்ந்தவை. காத்திருந்து ஏமாந்தவை: ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது, ஏழு-ஆறு, நான்காவது சீட்டில் ஃப்ளஷுக்கு நம்பிக்கை பிறந்து நிறைவேறாத ஆட்டின் கைகள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம்மிடம் ஒரு பத்து இருப்பதால், ஜாக்கி-பத்து அவரிடம் அமையக்கூடிய வழிகள் 16இலிருந்து 12 ஆகக் குறைகின்றன, பத்து-ஒன்பதும் அவ்வாறே. அவருடைய பிளஃப்களைத்தான் நம் சீட்டு குறைக்கிறது. அதே இடத்தில் ராணியோடு ராஜா இருந்திருந்தால், அவரிடம் ராஜா-ராணி இருக்கும் வாய்ப்பும் ராஜா ஜோடி இருக்கும் வாய்ப்பும் குறைந்திருக்கும். ஆகவே ராஜாவோடு ஈடு வைப்பதும் பத்தோடு தயங்குவதும் முரண்பாடு ஆகாது. இந்தக் கையை நான் விளிம்பில் நிற்பது என்றே சொல்வேன். அவர் ஏழு-ஆறு போன்ற கைகளை மூன்று சுற்றும் விடாமல் வைப்பவர் என்று முன்பே தெரிந்திருந்தால் மட்டும் தொடரலாம்.

நடுத்தரக் கையால் பதிலடி கொடுப்பது

அடித்து ஆடுகிறவரை எதிர்த்து அடிக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாகக் கேட்கிறது. எந்தக் கையோடு என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை. பொதுச் சீட்டுகளில் இரண்டாவது உயர்ந்ததோடு சேர்ந்த ஜோடியோடு ஏற்றினால், நம்மைவிடத் தாழ்ந்த கைகள் விலகிவிடும். உயர்ந்தவை மட்டும் தொடரும். வென்றிருக்கக்கூடிய கையை நாமே பிளஃபாக மாற்றிக்கொள்கிறோம். ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக்கோட்பாட்டு நூலில் எளிமையாக்கிய போக்கர் ஒன்றை ஆராய்ந்தபோது, பந்தயம் வைக்க வேண்டியவை மிக உயர்ந்த கைகளும் மிகத் தாழ்ந்த கைகளுமே என்றும், நடுத்தரமானவை அமைதியாக இருக்க வேண்டும் என்றும் விடை கிடைத்தது. ஏற்றி மிரட்டுவதற்கு உகந்தவை, இப்போது தோற்றிருந்தாலும் அடுத்த சீட்டில் எழக்கூடிய கைகள்.

அப்படிக் காத்திருக்கும் கைகளைப் பற்றியும் ஒரு சொல். ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவாக இருக்கும்போது, மீதமுள்ள இரண்டு சீட்டுகளையும் பார்க்க முடிந்தால் வாய்ப்பு 35 சதவீதம். ஒரு சீட்டு மட்டும் என்றால் 19 சதவீதமே. அடித்து ஆடுகிறவர் இரண்டாவது சீட்டை இலவசமாகக் காட்டமாட்டார், அதற்கும் தனியே விலை சொல்வார். அப்படியிருக்க, முதல் பந்தயத்துக்கு ஈடு வைக்கும்போது 35 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஃப்ளஷ் சேர்ந்த பிறகு அவரிடமிருந்து நிறையக் கறக்கலாம் என்ற எண்ணமும் அவ்வளவாகப் பலிப்பதில்லை. மூன்றாவது ஆட்டின் விழுந்ததை அவரும்தான் பார்க்கிறார்.

செக் என்றால் பலவீனம் என்று அறிவித்துவிடுவது

பந்தயம் வைக்காமல் முறையைக் கடத்துவது செக். நல்ல கை வந்தால் வைப்பதும் வராவிட்டால் செக் சொல்வதும் இயல்பாகத் தோன்றினாலும், அரைமணி நேரத்தில் எதிராளி இதைக் கண்டுகொள்வார். பிறகு நம் ஒவ்வொரு செக்கும் அவருக்கு அழைப்பிதழ். பலமான கைகளில் சிலவற்றையும் செக் சொல்லி, அவர் வைத்த பிறகு ஏற்ற வேண்டும்; அப்போதுதான் நம் பலவீனமான செக்குகளுக்கும் கொஞ்சம் மரியாதை பிறக்கும். பந்தயத்தின் அளவிலும் இதே கதைதான். பலமிருந்தால் பெரிதாகவும் பயமிருந்தால் சின்னதாகவும் வைப்பது சீட்டைத் திருப்பிக் காட்டுவதற்குச் சமம். 2017இல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்ற லிப்ராடஸ் என்ற கணினி நிரல், குவியலைவிடப் பல மடங்கு பெரிய பந்தயங்களைப் பலமான கையோடும் வெறுங்கையோடும் வைத்தது. அளவைப் பார்த்துக் கையை ஊகிக்க அவர்களால் முடியவில்லை.

இருப்பைப் பாராமல் பாதியில் நிற்பது

நம்மிடம் 300 குச்சிகள் மீதம், குவியலும் 300. நான்காவது சீட்டில் "பார்க்கலாம்" என்று 150 வைக்கிறோம். எதிராளி மொத்தமாக 300க்கு ஏற்றுகிறார். இப்போது குவியலில் 750 இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது 150. ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே தொடர்வது சரி என்பதால், ஏறக்குறைய எந்தக் கையையும் மடக்க முடியாத இடத்துக்கு நாமே வந்து நிற்கிறோம். மடக்கினால் பாதி இருப்பு வீண். மடக்காவிட்டால் பிடிக்காத கையோடு மீதிப் பாதியும் உள்ளே. எனவே இருப்பும் குவியலும் சமமாக வந்துவிட்ட சுற்றில், 150ஐ எடுத்து வைப்பதற்கு முன்பே, அவர் ஏற்றினால் தொடர்வோமா என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். தொடர்வோம் என்றால் 300ஐயும் நாமே முதலில் வைத்து, மடக்குவதா வேண்டாமா என்ற கேள்வியை அவரிடம் தள்ளிவிடலாம். தொடரமாட்டோம் என்றால் செக் சொல்லலாம்.