குணசாலியான ஸ்திரீ: நீதிமொழிகள் 31-ஐ வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்ற வசனத்தைப் பெண்கள் கூடுகையிலோ திருமணச் செய்தியிலோ கேட்காத கிறிஸ்தவப் பெண் இருக்க மாட்டாள். கேட்டுவிட்டு, "நான் இதில் பாதிகூட இல்லையே" என்று சோர்ந்து போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அது வேதத்தின் குற்றம் இல்லை. வாசிக்கிற விதத்தில் சில தவறுகள் ஊறிப்போயிருக்கின்றன.

முதல் தவறு, பத்தாம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது. அதற்கு முன்னால் ஒன்பது வசனங்கள் இருக்கின்றன. இது லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் போதித்த உபதேசம் என்று அதிகாரத்தின் தொடக்கமே சொல்கிறது. ஸ்திரீகளுக்கு உன் பெலனைக் கொடுத்துவிடாதே, குடியில் விழுந்து நியாயத்தை மறந்துவிடாதே, திக்கற்றவர்களுக்காக உன் வாயைத் திற என்று மகனை எச்சரித்த பிறகே இந்த வருணனை வருகிறது. எப்படிப்பட்டவளை மதிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் முதலில் நிற்பவன் ஓர் ஆண். யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை இரவு, ஓய்வுநாள் தொடங்கும்போது, கணவன் மனைவியைப் புகழ்ந்து இந்த 22 வசனங்களைப் பாடுகிற வழக்கம் இன்றும் உண்டு. நாமோ அந்தப் புகழ்ப்பாட்டை மதிப்பெண் அட்டையாக்கி மனைவியின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இதைவிட அதிகமாகப் பெண்களை வதைப்பது இன்னொன்று: அதிகாரம் முழுவதையும் ஒரே நாளின் வேலைப் பட்டியலாக எடுத்துக்கொள்வது. 15-ஆம் வசனத்தில் அவள் இருட்டோடே எழுந்திருக்கிறாள். 18-ஆம் வசனத்தில் இரவிலே அவள் விளக்கு அணையாதிருக்கிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் அவள் தூங்கவே இல்லை என்றாகிவிடும். ஆனால் இது எபிரெய மொழியின் 22 எழுத்துகளையும் வரிசையாக முதலெழுத்தாக வைத்து எழுதப்பட்ட கவிதை. ஒரு வாழ்நாளின் நல்லவற்றையெல்லாம் அகரவரிசையில் தொகுத்துப் பாடுகிறது. வயலை விசாரித்து வாங்கி, அதில் திராட்சத்தோட்டம் போட்டுப் பலன் பார்க்க வருடங்கள் ஆகும். பிள்ளைகள் எழும்பி அவளைப் பாக்கியவதி என்று சொல்ல, அவர்கள் வளர்ந்திருக்க வேண்டும். அப்புறம், 15-ஆம் வசனத்தின் பின்பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அவள் தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள். அதாவது, அந்த வீட்டில் அவளுக்குத் துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். கைக்குழந்தையோடு தனியாக ஒரு வீட்டைத் தாங்குகிற பெண்ணிடம் இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்வது அநியாயம். உதவி கேட்பது சோம்பல் இல்லை.

நல்ல மனைவி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று காட்ட இந்த அதிகாரத்தை எடுப்பவர்கள் அதை முழுதாக வாசிப்பதில்லை. இவள் நிலம் வாங்குகிறாள், மெல்லிய புடவைகளை நெய்து விற்கிறாள், கச்சைகளை வர்த்தகரிடத்தில் ஒப்புவிக்கிறாள். 19-ஆம் வசனத்தில் இராட்டினத்தில் இருக்கிற அதே கைகள், அடுத்த வசனத்தில் ஏழைகளுக்கு நீள்கின்றன. வீடு, தொழில், தர்மம் மூன்றையும் அந்தக் கைகள் பிரித்துப் பார்க்கவில்லை. சரி, இதை வைத்தே சம்பாதிக்காத பெண்ணை மட்டம் தட்டுவதும் அதே அளவு தவறுதான்.

வாய் திறக்காமல் இருப்பதே குணம் என்று நினைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். "தன் வாயை ஞானம் விளங்கத் திறக்கிறாள்" என்கிறது 26-ஆம் வசனம். 1 சாமுவேல் 25-இல் அபிகாயிலைப் பாருங்கள். அவள் கணவன் நாபாலின் முரட்டுப் பேச்சால் அவன் வீட்டார் மேல் தாவீதின் பட்டயம் வரவிருந்தது. அவள் கணவனுக்குச் சொல்லாமலே புறப்பட்டுப் போய், தாவீதிடம் பேசி இரத்தப்பழியைத் தடுத்தாள். அவளுடைய யோசனைக்காகத் தாவீது அவளை வாழ்த்தினான். மறுபக்கம், அப்போஸ்தலர் 5-இல் சப்பீராள், நிலம் விற்ற பணத்தைப் பற்றிக் கணவன் சொன்ன பொய்யோடு ஒத்துப்போனாள். அது அவளைக் காப்பாற்றவில்லை. எபேசியர் 5-இல் மனைவிகளுக்கான வார்த்தைக்கு முன்பே, 21-ஆம் வசனத்தில், "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. 25-ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் அன்புகூரும்படி கணவனிடம் கேட்கிறது. அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துக்கொள், குணசாலியாக இரு" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள், இந்த வசனங்களில் எதையும் பின்பற்றவில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். தேவைப்பட்டால் சட்டத்தின் உதவியை நாடுவதும் பாவம் இல்லை.

அலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். "அழகும் வீண்" என்று 30-ஆம் வசனத்தைக் காட்டுகிறவர்கள், மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் (விலையுயர்ந்த சாயத் துணியும்) அவள் உடுப்பு என்கிற 22-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.

திருமணமாகாதவர்களும் விதவைகளும் இது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவது இன்னொரு தவறு. "நீ குணசாலி என்பதை ஊராரெல்லாரும் அறிவார்கள்" என்று, வயலின் சொந்தக்காரனான போவாஸ் சொன்னது, விதவையான ரூத்திடம். அந்த நேரத்தில் அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. பிறர் வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மோவாபியப் பெண் அவள்.

கடைசி வசனத்தை அவளுக்கான வாழ்த்தாக மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்பது சுற்றி இருப்பவர்களுக்கான கட்டளை. அவள் புகழப்பட வேண்டிய இடமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: வாசல்களில். பட்டண வாசல் என்பது மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிற இடம். ரூத்தின் காரியத்தைப் போவாஸ் தீர்த்ததும் அங்கேதான். குடும்பச் சேமிப்பில் அவள் பெயர் இருக்கிறதா, சபை தீர்மானம் எடுக்கும்போது அவள் யோசனை கேட்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் கணவரும் பிள்ளைகளும் மூப்பர்களும்தான்.