அமெரிக்க உள்நாட்டுப் போர்: இரு தரப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயர்களில்தான். ஒரே கட்டுரையில் 'கூட்டாட்சிப் படை' என்று வரும், 'கூட்டமைப்புப் படை' என்றும் வரும். எது யாருடையது என்று இரண்டாவது பத்தியிலேயே குழம்பிவிடும். கூட்டாட்சிப் படை என்றால் வாஷிங்டன் அரசின் படை, ஆபிரகாம் லிங்கனின் தரப்பு. கூட்டமைப்பு என்பது பிரிந்துபோன 11 தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தனி அரசு. ஜெபர்சன் டேவிஸ் அதன் தலைவர். தலைநகர் முதலில் மாண்ட்கமரி, பிறகு ரிச்மண்ட். வடக்கை 'ஒன்றியம்', தெற்கைக் 'கூட்டமைப்பு' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை மாற்றாமல் எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, 'தெற்கு மாநில உரிமைக்காகப் போரிட்டது' என்று சொல்லிக் கடந்துபோவது. அந்தச் சொல் நமக்கு மிக நெருக்கமானது. மாநில சுயாட்சி பேசி வளர்ந்த அரசியல் நம்முடையது. தலைநகரில் இருக்கும் அரசை எதிர்த்து மாநிலங்கள் எழுந்தன என்றதும் மனம் தானாகத் தெற்கின் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் சாய்ந்தது. பிரிந்துபோன மாநிலங்களே வெளியிட்ட அறிக்கைகளைப் படித்த பிறகுதான் தெளிந்தது.

தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பி தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்கிறது. 1860 டிசம்பர் 20-ல் முதலாவதாகப் பிரிந்த தென் கரோலினாவின் குறையைப் பாருங்கள்: தப்பி ஓடிவரும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துக் கொடுக்கவில்லையாம், அப்படிப் பிடித்துக் கொடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டங்களே போட்டுவிட்டனவாம். பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டம் வாஷிங்டன் போட்டது. அதை வட மாநிலங்கள் மீது கறாராகச் செலுத்தும்படி கேட்டது தெற்கு. அந்த விவகாரத்தில் மாநில உரிமை எந்தப் பக்கம் நின்றது? கூட்டமைப்பு தனக்கென எழுதிக்கொண்ட அரசியல் சட்டமும், கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குலைக்கும் சட்டத்தை இயற்றக் கூடாது என்று தடை போட்டது. அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தெற்கின் படைவீரர்களில் பலருக்குச் சொந்தமாக அடிமை யாரும் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு வீரன் ஏன் படையில் சேர்ந்தான் என்பது வேறு கேள்வி, அந்த அரசு எதற்காக உருவானது என்பது வேறு கேள்வி.

சரி, அப்படியானால் வடக்கு முதல் நாளிலிருந்தே அடிமைகளை விடுவிக்கத்தான் போரிட்டதா? அதுவும் தவறு. மாநிலங்களில் ஏற்கெனவே இருக்கும் அடிமை முறையில் தலையிட மாட்டேன் என்றுதான் 1861 மார்ச்சில் பதவியேற்றபோது லிங்கன் சொன்னார். நாடு உடையாமல் காப்பதே அவருடைய முதல் நோக்கம். டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமை முறையை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் இருந்தன. 1863 ஜனவரி 1-ல் வந்த, அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அவற்றுக்குப் பொருந்தவில்லை. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த 1865 டிசம்பர் வரை அடிமை முறை சட்டப்படியே நீடித்தது. அதற்காக இரண்டு தரப்பும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. போர் நடக்க நடக்க ஒன்றியத்தின் நோக்கம் மாறியது, கூட்டமைப்பின் நோக்கம் மாறவில்லை.

அப்புறம், லிங்கனின் குடியரசுக் கட்சியை இன்றைய குடியரசுக் கட்சியோடு அப்படியே பொருத்துவதும் சரிவராது. இடையில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரு கட்சிகளின் ஆதரவுத் தளங்களும் இடம் மாறிவிட்டன.

என்னை அதிகம் வருத்துவது, தரப்புகளை எண்ணும்போது அடிமைகளாக இருந்த சுமார் 40 லட்சம் பேரை விட்டுவிடுவதுதான். 'லிங்கன் விடுவித்தார்' என்ற ஒரே வரியில், அவர்கள் கைகட்டிக் காத்திருந்தது போலாகிவிடுகிறது. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே அவர்கள் தப்பி ஒன்றியப் படையின் கோட்டைகளுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு வாஷிங்டன் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியத்தின் தரைப்படையில் சேர்ந்தார்கள்.

அப்படித் தப்பி வந்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி எழுதுங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற கூட்டமைப்புக் கப்பலை ஓட்டிய அடிமை. 1862 மே மாதம் ஓர் இரவு, வெள்ளை அதிகாரிகள் கரைக்குப் போயிருந்த நேரத்தில், கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன் குடும்பத்தையும் கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். கோட்டைகளைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய ஊதல் சைகைகள் அவருக்குத் தெரிந்திருந்தன. விடிவதற்குள் கடலுக்கு வந்து, வெள்ளைத் துணியை ஏற்றி, கப்பலை ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தார். பின்னாளில் தென் கரோலினாவிலிருந்தே அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பியூஃபர்ட் ஊரில் தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டை விலைக்கு வாங்கி, அதில் குடியிருந்தார்.