வாவியின் நீலம் ஊதாவாகாமல் அச்சேற

எங்கள் ஊர் மலர் ஒன்றின் அட்டைக்காக, கல்லடிப் பாலத்தில் நின்று மட்டக்களப்பு வாவியைப் படமெடுத்தேன். திரையில் அத்தனை தெளிவாக இருந்த நீலம், அச்சாகி வந்தபோது நாவற்பழச் சாறு தோய்ந்ததுபோல் இருந்தது. 500 அட்டைகள். படத்தைத் திரைக்கான நிறமுறையான ஆர்.ஜி.பி.யிலேயே அனுப்பியிருந்தேன்; அச்சுக்கான சி.எம்.வை.கே.க்கு மாற்றவில்லை. உங்கள் அட்டைக்கு அந்தக் கதி நேரக்கூடாது.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. ஒப்செட் அச்சோ சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளைப் புள்ளி புள்ளியாகத் தாளில் இடுகிறது. மை விழுங்கியது போக, தாள் திருப்பித் தரும் ஒளியே நமக்கு நிறம். திரையின் பளிச்சென்ற நீலமும் இளம்பச்சையும் இந்த நான்கு மைகளுக்கு எட்டாதவை. அவற்றுக்கு ஈடாக எந்த நிறம் வரவேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். இல்லையேல் அச்சகத்து மென்பொருள் தீர்மானித்துவிடும்.

1. அச்சகத்தில் முதலில் கேளுங்கள்: எந்தத் தாள், எந்த நிற புரொபைல் (அந்த அச்சும் தாளும் நிறத்தை எப்படித் தரும் என்று சொல்லும் கோப்பு)? பளபளப்பான ஆர்ட் தாளுக்கு ஃபோக்ரா 39 என்ற புரொபைல் பரவலாகப் பயன்படுகிறது. சில டிஜிட்டல் அச்சகங்கள் ஆர்.ஜி.பி.யையே கேட்கும், அப்படியானால் மாற்றவே வேண்டாம்.

2. மூலப்படத்தைப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். மாற்றத்தில் இழந்த நிறம் திரும்பாது.

3. போட்டோஷொப்பில் வியூ பட்டியலின் புரூஃப் செட்டப்பில் அந்த புரொபைலைத் தெரிந்து, கன்ட்ரோல், வை (Y) விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அச்சில் வரப்போகும் நிறம் திரையில் தெரியும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், மைக்கு எட்டாத இடங்கள் சாம்பல் நிறமாகும். என் படத்தில் வானம் பாதி சாம்பலாகியது.

4. எடிட் பட்டியலில் கன்வேர்ட் டு புரொபைல். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கைத் தெரிந்து, பிளாக் பொயின்ட் கொம்பன்சேஷனையும் குறியிடுங்கள். பக்கத்திலுள்ள அசைன் புரொபைலைத் தொடாதீர்கள். அது எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுகிறது. போட்டோஷொப் இல்லாதவர்களுக்கு இலவசமான கிரித்தா இருக்கிறது, அதிலும் சி.எம்.வை.கே. உண்டு.

5. இனித்தான் முக்கியமான வேலை. இன்ஃபோ பலகையைத் திறந்து, நீலத்தின்மேல் சுட்டியை வையுங்கள். என் வானத்தில் சியான் 95 சதவீதம், மெஜந்தா 82 சதவீதம் என்று காட்டியது. ஊதா வந்த வழி அதுதான். நீலம் நீலமாகவே நிற்க, மெஜந்தா சியானைவிட 30 அளவாவது குறைவாக இருக்க வேண்டும். கர்வ்ஸ் கருவியில் மெஜந்தாவை மட்டும் 60 வரை இறக்கினேன். வாவி மீண்டு வந்தது.

அப்படியே இருண்ட இடங்களையும் பாருங்கள். நான்கு மைகளின் சதவீதக் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டாதிருப்பது நல்லது. தாண்டினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும்; நம்மூர் மாரிகால ஈரத்தில் இன்னும் மோசம். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு 100 மட்டும் போதும்.

6. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் இருக்கிறதா என்று பார்த்து, அச்சுக்கென உள்ள பி.டி.எஃப். வகையான எக்ஸ்-1ஏ ஆகச் சேமியுங்கள். மாதிரி ஒன்றை அதே தாளில் கேட்டு வாங்கி, குழல்விளக்கின் கீழ் அல்லாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அச்சிடச் சொல்லுங்கள்.