155 இடங்களுக்கு ஆன்லைனில் டிக்கெட் விற்பது எப்படி?

சென்னை தரமணியில் ஒரு கல்லூரி அரங்கில் எங்கள் மென்பொருள் குழு வருடாவருடம் ஒருநாள் மாநாடு நடத்துகிறது. மூன்று வருடமாக டிக்கெட் வேலை என் பொறுப்பு. அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மாணவிக்கும், ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் இடம் கிடைக்க ஒரே மாதிரி வாய்ப்பு இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் அரங்குக்கே போய் நாற்காலிகளை எண்ணுங்கள். எங்களுக்கு 220 என்றார்கள். கேமராவும் ஒலிக்கருவிகளும் வைத்த பிறகு 210தான் தேறியது. பேச்சாளர்கள் 14, தன்னார்வலர்கள் 20, இடம் தந்த கல்லூரியின் மாணவர்கள் 15. இன்னும் 6 இடங்களைக் கையிருப்பாக வைத்தேன். விற்க முடிந்தது 155.

இந்த 155ஐயும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். முதல் வருடம் வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு மொத்தமாகத் திறந்தோம். தட்கல் மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் கணினி முன்னால் இருந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். வகுப்பில் இருந்தவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்களுக்கும் ஒன்றுமில்லை. இப்போது ஞாயிறு காலை 60, புதன் இரவு 9 மணிக்கு 60, மாணவர்களுக்குக் குறைந்த விலையில் தனியாக 35. சம்பளம் கையில் இருக்கும் மாதத்தின் முதல் வாரத்தில் திறக்கிறோம். தேதியையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறோம்.

அடுத்து, பணம். இங்கேதான் அதிகம் தவறு நடக்கும். படிவத்தை நிரப்பி ஜிபே ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லும் முறை வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் வருடத்தில் அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு படத்தையும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு முடிப்பதற்குள் இருந்த இடங்களைவிட 9 பேர் கூடுதலாகப் பணம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதில் ஒருவர் மதுரையிலிருந்து வர ரயில் டிக்கெட்டே எடுத்திருந்தார்.

ஒருவர் "வாங்கு" என்று அழுத்தியதுமே அந்த இடத்தை 15 நிமிடம் அவர் பெயரில் பிடித்து வைக்க வேண்டும். நீங்களே நிரல் எழுதினால், மீதி இடங்களின் எண்ணிக்கையைப் படித்துவிட்டு அப்புறம் குறைப்பது ஆபத்து. இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால், கடைசி ஓர் இடம் இருவருக்கும் போய்விடும். "மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை" என்று டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையாகக் கொடுங்கள். எழுத நேரமில்லையா? ப்ரீடிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஒதுக்கீடும் காத்திருப்போர் பட்டியலும் ஏற்கெனவே இருக்கின்றன.

யுபிஐயில் பணம் சில சமயம் "பெண்டிங்" என்று நின்றுவிட்டுத் தாமதமாக வரும். அதனால் வாங்குபவரின் பிரவுசர் சொல்வதை நம்பாமல், பேமென்ட் கேட்வே (வாங்குபவரிடம் பணத்தைப் பெற்று உங்கள் கணக்கில் சேர்க்கும் நிறுவனம்) உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் தகவலை நம்புங்கள். ஒரே தகவல் இரண்டு முறையும் வரலாம், ஆர்டர் எண்ணைப் பார்த்து ஒரு டிக்கெட் மட்டும் கொடுங்கள். 15 நிமிடம் தாண்டி, பிடித்து வைத்த இடம் விடுபட்ட பிறகு பணம் வந்து சேர்ந்தவர்களுக்காகத்தான் அந்த 6 கையிருப்பு. அதுவும் தீர்ந்தால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிடுங்கள்.

கேட்வேக்கு பான், வங்கிக் கணக்கு எல்லாம் சரிபார்க்க நாளாகும், ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். கட்டணம் 2 சதவீதம் என்றால் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரலாம். 500 ரூபாய் டிக்கெட்டில் 11 ரூபாய் 80 பைசா வரை போகும். அதைச் சேர்த்தே விலை வையுங்கள்.

டிக்கெட்டில் பெயர் இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வர முடியாதவர் குழுவிடமே திருப்பித் தந்தால் முழுப் பணமும் கொடுங்கள், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். பணம் திரும்பும் என்று தெரிந்தால்தான் முன்கூட்டியே சொல்வார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடத்தினால் மழைக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். நிகழ்ச்சி தள்ளிப்போனால் புதிய தேதியா, பணமா என்று வாங்கியவரே தேர்ந்தெடுக்கட்டும். அதை டிக்கெட் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே போடுங்கள்.