டிகிரில சோசியாலஜி படிக்கிறவங்க முதல் வருஷத்துலயே என்ன பண்ணணும்

சோசியாலஜி எடுத்த நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, காம்ட், மார்க்ஸ், துர்கைம், வெபர்னு இந்தப் படிப்போட முன்னோடிகள் பேர வரிசையா எழுதி வச்சுகிட்டு ஆளுக்கு நாலு பாயின்ட் மனப்பாடம் பண்ணி எக்ஸாம முடிச்சிடறாங்க. பாஸ் ஆயிடலாம், மார்க்கும் வரும். ஆனா கடைசி வருஷம் ப்ராஜெக்ட் பண்ணுன்னு சொல்லும்போது எங்க தொடங்குறதுன்னே தெரியாம முழிக்கணும், ஏன்னா அதுவரைக்கும் படிச்சது பூரா முடிவுகளத்தான், அந்த முடிவுக்கு அவங்க எப்படி வந்து சேந்தாங்கன்னு பாத்திருக்கவே மாட்டோம். அதனால யாரப் படிச்சாலும் மூணு விஷயத்த நோட்ல எழுதி வைங்க: இவருக்குப் புரியாம இருந்தது என்ன, அதுக்கு என்ன ஆதாரம் காட்டுறாரு, அந்த ஆதாரம் தாங்குமா. மூணாவதுலதான் உண்மையான படிப்பே இருக்கு.

துர்கைம் 1897ல தற்கொலை பத்தி எழுதின புத்தகத்தையே எடுத்துக்கோங்க. வருஷா வருஷம் சாகிறவங்க வேற வேற ஆளு, ஆனா ஒரு நாட்டோட தற்கொலை ரேட், அதாவது ஜனத்தொகைல இத்தன பேருக்கு இத்தனங்கிற கணக்கு, மட்டும் பெருசா மாறாம நிக்குது, தனித்தனி ஆளோட மனசு மட்டும்தான் காரணம்னா இது எப்படி? அவரு கேட்டது இத. அதுக்கு அரசாங்க புள்ளிவிவரங்கள எடுத்து, ப்ராட்டஸ்டன்ட் பகுதிகள்ல ரேட் அதிகம், கத்தோலிக்க பகுதிகள்ல கம்மின்னு காட்டி, ஆளுங்கள ஒண்ணா சேத்துப் பிடிக்கிற கட்டு எங்க தளருதோ அங்க ரேட் கூடுதுன்னு சொன்னாரு. சரி, தாங்குமா? ஒரு சாவ தற்கொலைன்னு பதிவேட்ல யாரு எழுதுறாங்கன்னு யோசிங்க. அதப் பெரிய பாவமா நினைக்கிற இடத்துல குடும்பம் விபத்துன்னு சொல்லியிருக்கலாம், அப்ப கம்மியா இருந்தது சாவா இல்ல பதிவா? பின்னாடி வந்தவங்க இத வச்சு பெரிய சண்டையே போட்டிருக்காங்க. இந்த சண்டைய தெரிஞ்சுகிட்டீங்கன்னா துர்கைமோட நாலு பாயின்ட் தானா மனசுல நிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு, பகுதி கணக்க வச்சு தனி ஆள பத்தி பேச முடியுமா? 1950ல வில்லியம் ராபின்சன்னு ஒருத்தர் அமெரிக்காவோட 1930 சென்சஸ வச்சு இதக் காட்டினாரு. மாநிலம் மாநிலமா பாத்தா, வெளிநாட்ல பொறந்தவங்க அதிகமா இருக்கிற மாநிலத்துல எழுதப் படிக்கத் தெரியாதவங்க கம்மி. ஆனா ஆள் ஆளா பாத்தா, வெளிநாட்ல பொறந்தவங்ககிட்டதான் எழுதப் படிக்கத் தெரியாதது கொஞ்சம் அதிகம். அவங்க போய் குடியேறினது ஏற்கனவே படிச்சவங்க நிறைய இருந்த மாநிலங்கள்ல, அதான் கணக்கு தலைகீழா தெரியுது. நியூஸ்ல வர எந்த சர்வேய பாத்தாலும் இந்த ஒரு விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆராய்ச்சி எப்படி பண்றதுன்னு சொல்லித்தர மெத்தட்ஸ் பேப்பரயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸயும் கண்டு ஓடாதீங்க ப்ளீஸ். கணக்கு வராதுன்னுதானே இந்தப் பக்கம் வந்தோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா சாம்பிள் எப்படி எடுத்தாங்க, கேள்விய எப்படிக் கேட்டாங்க, கோரிலேஷன், அதாவது ரெண்டு விஷயம் சேந்து மாறுறது, இருந்தா ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடுமா, இந்த மூணும் தெளிவா தெரிஞ்சாலே போதும், கணக்கு போடுற சாஃப்ட்வேர்ல எஸ்பிஎஸ்எஸ்ஸோ (SPSS) ஆர்ரோ (R) ஏதாவது ஒண்ண பொறுமையா பழகிக்கலாம்.

அப்புறம் கண்ணால பாக்கப் பழகணும், இது க்ளாஸ்ல உக்காந்து வராது. வாரம் ஒரு தடவ லைப்ரரி, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வரிசைன்னு ஏதாவது பொது இடத்துல அரை மணி நேரம் இருந்து எழுதுங்க. பக்கத்த ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் பாத்தது மட்டும், இன்னொரு பக்கம் உங்களுக்கு தோணுனது. "அவரு திமிரா நின்னாரு"ன்னு எழுதாதீங்க, அது தோணுனது. "வரிசைய விட்டு விலகி கவுன்ட்டர் பக்கத்துல போய் நின்னாரு, பின்னாடி இருந்த ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டாங்க, யாரும் ஒண்ணும் கேக்கல"ன்னு எழுதுங்க. இப்படி எழுதினா யாரு விதிய மீறலாம், யாரு கேக்கலாம்னு கேள்வி அதுவா வந்து நிக்கும். வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னு விட்டா பாதி மறந்துடும்.

ஒரிஜினல் புத்தகங்கள முழுசா படிக்கணும்னு பயப்பட வேணாம், முன்னுரை, ஒரு அத்தியாயம், முடிவுரை, முதல் வாட்டிக்கு அது போதும். அமெரிக்க சோசியாலஜிஸ்ட் டூ பாய்ஸ் பேரு சிலபஸ்ல இல்லாட்டியும் தேடிப் படிங்க, ஃபிலடெல்ஃபியா நகரத்தோட ஏழாவது வார்டுல வீடு வீடா போய் கேட்டு கறுப்பின மக்களோட வாழ்க்கைய பத்தி 1899ல புத்தகம் போட்டவரு, ஒரே ஒரு வார்டு எவ்வளவு பேசும்னு அதுல தெரியும்.

அசைன்மென்ட்ல "சமூகம்தான் இதுக்கு காரணம்"னு எழுதினா அத அடிச்சிட்டு யாரு, எந்த அமைப்பு, எது வழியான்னு திருப்பி எழுதுங்க. ப்ராஜெக்டுக்கும் இதே கதைதான். "சோஷியல் மீடியாவும் இளைஞர்களும்"னு தலைப்பு எடுத்தா யாராலயும் முடிக்க முடியாது. ஒரு ஹாஸ்டல், முதல் வருஷ பசங்க, வாட்ஸ்அப் க்ரூப்ல யார யாரு சேத்தாங்க, யாரு வெளிய இருக்காங்க, இவ்வளவு சின்னதா எடுங்க. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதுக்கு கேக்கிறீங்கன்னு சொல்லி சம்மதம் வாங்கிக்கோங்க, பேர மாத்தி எழுதுங்க, வேணாம்னு சொன்னவங்கள விட்டுடுங்க.