சின்ன போனா, பெரிய போனா? முதலில் ஒரு அட்டையை வெட்டுங்கள்

புது போன் எடுக்கப் போகிறேன், கைக்கு அடக்கமாக, விலை குறைவாக ஒன்று எடுக்கவா, இல்லை இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துப் பெரிய, உயர்ந்த மாடலாகவே எடுத்துவிடவா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் ஒரு கேள்வி கேட்பதாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு கேள்வி. போன் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியது உங்கள் கையும் கண்ணும். எவ்வளவு செலவழிக்கலாம் என்பது வேறு கணக்கு, அதை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், அதில் என்னென்ன செய்வீர்கள் என்பதை வைத்துப் போடவேண்டியது. இரண்டையும் தனித்தனியாக முடிவு பண்ணிவிட்டு அப்புறம் சேர்த்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

என் அம்மாவுக்குப் போன் எடுத்தபோதுதான் இது எனக்கே உறைத்தது. அம்மாவுக்குச் சின்னக் கை, அதனால் சின்ன போன்தான் சரி என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். சின்னத் திரையில் எழுத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு வரிக்கு மேல் தெரியவில்லை, பதில் எழுதலாம் என்று கீபோர்டைத் திறந்தால் அந்த வரிகளும் மறைந்துவிடுகின்றன. ஒற்றைக் கையால் போனைப் பிடிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது, மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுவார். ஆக அவருக்குத் தேவைப்பட்டது பெரிய போன், ஆனால் விலை உயர்ந்த போன் இல்லை. எனக்கோ அதற்கு நேர் எதிராக, சின்னதாகவும் நல்ல தரமாகவும் ஒன்று.

முதலில் கை

விளம்பரத்தில் போடுகிற அங்குலக் கணக்கை நம்பி அளவை முடிவு செய்யாதீர்கள். அது திரையின் மூலைக்கு மூலை அளவு, கைக்குள் அடங்குமா என்பதை அது சொல்லாது. 4.7 அங்குலத் திரை கொண்ட ஐபோன் எஸ்இ-யின் (2022) அகலம் 67.3 மி.மீ., 5.4 அங்குலத் திரை கொண்ட ஐபோன் 13 மினியின் அகலம் 64.2 மி.மீ. திரை பெரிது, போன் ஒல்லி! திரையைச் சுற்றியிருக்கும் ஓரப்பட்டையும் நீள அகல விகிதமும் மாறிவிட்டதால் வருகிற வித்தியாசம் இது. அதனால் எந்த மாடலைப் பார்த்தாலும் அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்ற இரண்டைத்தான் முதலில் தேடவேண்டும். ஒரே வருடம், ஒரே குடும்பத்தில் வந்த இரண்டு போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அகலம் 70.6 மி.மீ., எடை 167 கிராம். எஸ்24 அல்ட்ரா அகலம் 79 மி.மீ., எடை 232 கிராம். எட்டு மில்லிமீட்டர் என்று எழுத்தில் படித்தால் ஒன்றும் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் அது தெரியும்.

தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. பார்சல் வந்த அட்டைப்பெட்டி வீட்டில் கிடக்குமே, அதில் எஸ்24 போல 147-க்கு 71 மி.மீ. அளவில் ஒரு துண்டும், அல்ட்ரா போல 162-க்கு 79 மி.மீ. அளவில் இன்னொரு துண்டும் வெட்டுங்கள். போன் தடிமன் வருகிற வரை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, பெரியதை ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையிலோ பேன்ட் பையிலோ கைப்பையிலோ, போனை வழக்கமாக எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைத்துக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், மறுநாள் சின்னதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒற்றைக் கையில் பிடித்து, பிடியை மாற்றாமல் எதிர்ப்பக்க மேல் மூலையைக் கட்டைவிரலால் தொட முடிகிறதா என்று பாருங்கள். உறையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள், உறை போட்டால் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடும், எடையும் கூடும்.

எடையை மட்டும் அட்டையால் சொல்ல முடியாது, அதற்குக் கடைக்குத்தான் போகவேண்டும். காட்சிக்கு வைத்திருக்கும் போனின் முதுகில் திருட்டைத் தடுக்கிற கருவியை ஒட்டி ஒயரால் கட்டியிருப்பார்கள், அதோடு தூக்கினால் எடை சரியாகத் தெரியாது, கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கையில் வாங்கியதும் அஞ்சு நொடி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல், ஒற்றைக் கையிலேயே அஞ்சு நிமிடம் வைத்திருங்கள், பெரிய போனின் எடை முழுவதையும் அடியில் தாங்குவது சுண்டுவிரல் என்பது அதற்குள் புரிந்துவிடும். படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பெரிய திரையை நான் குறை சொல்லவில்லை. வரைபடம் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள், ரயிலில் மணிக்கணக்காக வீடியோ பார்க்கிறவர்கள், பிடிஎஃப் கோப்புகளைப் போனிலேயே படித்து முடிக்கிறவர்கள், வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாமல் எல்லா வேலையையும் போனில் செய்கிறவர்கள், இவர்கள் சின்ன போன் எடுத்தால் தினமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கஷ்டப்படவேண்டியிருக்கும். பெரிய உடம்புக்குள் பெரிய பேட்டரி வைக்க இடமும் கிடைக்கிறது. மேலே சொன்ன எஸ்24-இல் பேட்டரியின் கொள்ளளவு 4,000 எம்ஏஎச், அல்ட்ராவில் 5,000. ஆனால் உங்களுக்கு அந்தக் கூடுதல் பேட்டரி தேவையா என்பதை இப்போது கையில் இருக்கிற போனே சொல்லிவிடும். ஒரு வாரம் ராத்திரி படுக்கப்போகும்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்று குறித்துவையுங்கள். தினமும் 40 மிச்சமிருந்தால் பேட்டரியைக் காரணம் காட்டிப் பெரிய போன் எடுக்கத் தேவையில்லை.

விலை குறைந்தால் எங்கே குறைகிறது

அளவு முடிவாகிவிட்டதா? சரி, இனி பணம். விலை குறைந்த போன்களில் எதையாவது குறைத்துத்தான் ஆகவேண்டும், அது நியாயம்தான். எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜ் வகையை. அளவை எல்லாரும் பார்ப்பார்கள், வகையை யாரும் பார்ப்பதில்லை. மலிவான போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகையும், அதற்கு மேற்பட்டவற்றில் யுஎஃப்எஸ் என்ற வேகமான வகையும் இருக்கும். யுஎஃப்எஸ்ஸால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியும், இஎம்எம்சியால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் முடியும். ஒரு ஆப் பின்னால் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேமராவைத் திறந்தால் போன் திணறுவது இதனால்தான். எனக்கே நடந்தது. 64 ஜிபி இஎம்எம்சி உள்ள போன் ஒன்றை வைத்திருந்தேன், முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது, படங்களும் வீடியோக்களும் சேர்ந்து இடம் நிறைய நிறைய மந்தமாகிக்கொண்டே வந்தது. என் மகள் முதல் முறையாகச் சுவரை விட்டுக் கையை எடுத்து நடந்தபோது கேமரா ஐகானைத் தொட்டேன், கருப்புத் திரை, இன்னும் கருப்புத் திரை, படம் தெரிவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலு அடி என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்குப் போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் யுஎஃப்எஸ், குறைந்தது 128 ஜிபி, இதற்குக் கீழே நான் போவதில்லை.

ரேம் பக்கத்தில் ‘8 ஜிபி + 8 ஜிபி’ என்று எழுதியிருந்தால் 16 என்று கூட்டிவிடாதீர்கள். இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடனாக எடுத்துக்கொள்வது, உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

கேமராவில் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். பின்னால் மூன்று கண் இருந்தாலும் அதில் இரண்டு வெறும் 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்க), டெப்த் (பின்னணியை மங்கலாக்க உதவ) என்று இருந்தால் உங்களுக்கு உதவப்போவது ஒன்றே ஒன்று. 50 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும், அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக வந்துவிடாது. வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சாரின் அளவு, கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஓஐஎஸ் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்தில் தெரியும். கடையில் விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கும், அங்கே எடுத்தால் எந்த போனிலும் படம் நன்றாகத்தான் வரும். மேஜைக்குக் கீழே நிழலில், கூட வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய உயர்விலை மாடல்களில் கூடுதல் பணத்துக்குக் கிடைக்கிற நிஜமான விஷயம் தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கிற டெலிஃபோட்டோ லென்ஸ். பள்ளி மேடையில் ஆடுகிற பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கிறவர்களுக்கு அது வேண்டும், சாப்பாட்டையும் செல்ஃபியையும் எடுக்கிறவர்களுக்கு வேண்டியதில்லை.

புராசஸரைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம், கனமான விளையாட்டு ஆடாதவர்களுக்கு நடுத்தர சிப்பே இப்போது தாராளம். திரையை மட்டும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள், மலிவான எல்சிடி வகைத் திரை அங்கேதான் மங்கிப்போகும். தண்ணீர்ப் பாதுகாப்பில் ஐபி54 என்றால் தெறிக்கிற தண்ணீருக்கு மட்டும், ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். மழையில் வண்டியில் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விலையை வருடத்தால் வகுங்கள்

அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும் என்பதை விலைச்சீட்டின் பாதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வங்கி, பணம் அனுப்புவது எல்லாம் போனில்தான் என்றான பிறகு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனை வைத்திருப்பது நல்லதல்ல. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்தன. உச்ச விலை மாடலுக்குத்தான் இது என்று நினைக்கவேண்டாம், அதைவிட விலை குறைந்த, 6.1 அங்குலத் திரை கொண்ட பிக்சல் 8ஏ-வுக்கும் அதே ஏழு வருடம் உண்டு. ஆனால் ஒன்று, வருடக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டு வருடம் பழைய மாடலைத் தள்ளுபடியில் எடுத்தால் இரண்டு வருடத்தைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

இனி கணக்கு எளிது. மூன்று மடங்கு விலையுள்ள போனை ஆறு வருடம் வைத்திருந்தால், ஒரு மடங்கு விலையுள்ள போனை இரண்டு வருடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பதும் அதுவும் ஒன்றுதான், நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்றுகிற செலவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் உங்களிடம் நீங்களே உண்மையைச் சொல்லவேண்டும். ஆறு வருடம் வைத்திருப்பேன் என்று வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் புது மாடலைப் பார்த்து மனசு மாறுகிறவர் என்றால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வருடத்துக்கு ஒரு முறை போனைக் கீழே போட்டு உடைக்கிறவருக்கும் பொருந்தாது, உயர்ந்த மாடலில் வருகிற ஓஎல்இடி என்ற வகைப் பெரிய திரையை மாற்றுகிற செலவில் சில சமயம் ஒரு சாதாரண போனே வாங்கிவிடலாம்.

சின்னதாகவும் வேண்டும், தரமாகவும் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் இப்போது சங்கடம், நானும் அந்தக் கட்சிதான். ஐபோன் 12 மினி 2020-இல் வந்தது, 13 மினி 2021-இல் வந்தது, 2022-இல் ஐபோன் 14 வந்தபோது மினி இல்லை. ஏசுஸ் ஜென்ஃபோன் 10 (2023) 5.9 அங்குலத் திரையோடு வந்தது, அடுத்து வந்த 11 அல்ட்ராவில் திரை 6.78 அங்குலம். விலை குறைந்த புது போன்களிலும் பெரும்பாலானவை ஆறரை அங்குலத்துக்கு மேலேதான். அதனால் சின்னது வேண்டுமென்றால் உயர்ந்த வரிசையில் இருக்கிற சாதாரண மாடலை, அதாவது ‘அல்ட்ரா’, ‘புரோ மேக்ஸ்’ என்று வால் இல்லாததை, ஒரு வருடம் பொறுத்து விலை இறங்கியதும் எடுப்பதுதான் நான் பார்த்தவரை சரியான வழி. சிப் பெரும்பாலும் அதே தலைமுறை, அப்டேட்டும் அதே வருடங்கள், விட்டுக்கொடுப்பது டெலிஃபோட்டோவிலும் பேட்டரியிலும் கொஞ்சம்தான்.

எதை வாங்கினாலும் பழைய போனை அன்றைக்கே கைமாற்றிவிடாதீர்கள். வங்கி ஆப்கள், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு எண் தருகிற ஆப், வாட்ஸ்அப் எல்லாம் புதியதில் ஓடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, பழையதில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே புது போனில் கட்டைவிரல் மேல் மூலைக்குப் போகிறதா, கண்ணுக்கு எழுத்து போதுமா என்பதும் தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கிற கெடு எத்தனை நாள் என்று பில்லில் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.