மரவட்டையைக் காணவில்லையா? மண்ணைக் கிளறாதீர்கள்

போன வாரம் வரை கண்ணாடி டேங்க்கில் இலையைக் கொறித்துக்கொண்டு சுற்றிய வளர்ப்பு மரவட்டையை நாலைந்து நாளாகக் காணவில்லை. வைத்த வெள்ளரித் துண்டு வைத்தபடியே கிடக்கிறது. செத்துவிட்டதோ என்ற பயத்தில் கரண்டியை எடுத்து மண்ணைக் கிளறுகிறோம் பாருங்கள், தோல் உரிக்க மண்ணுக்குள் போன, நன்றாக இருந்த மரவட்டை அநியாயமாகச் சாவது அப்போதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் ஆப்பிரிக்க ராட்சத மரவட்டையை மனதில் வைத்து. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஆர்கிஸ்பைரோஸ்ட்ரெப்டஸ் கிகாஸ் என்ற இந்த இனத்தை வெளிநாடுகளில் நிறையப் பேர் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். 30 செ.மீ.யைக்கூடத் தாண்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் இருக்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஊரும் ரயில் பூச்சியும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

மரவட்டையின் ஓட்டில் கால்சியம் கார்பனேட் ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். அந்த ஓடு வளராது. உடல் வளர வேண்டுமென்றால் பழையதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மூன்று ஜோடிக் கால்தான். வளரும் பருவத்தில் ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் வளையங்களும் கால்களும் கூடும். வளர்ந்ததும் உரிக்கும், இடைவெளி மட்டும் அதிகம்.

இதற்காக அது மண்ணுக்குள் இறங்கி, தன் உடம்பு சுருண்டு படுக்கிற அளவுக்கு ஒரு சின்ன அறை கட்டிக்கொள்ளும். அறைச் சுவரை அழுத்தி வழவழப்பாக்கியிருக்கும். அதற்குள்தான் பழைய ஓடு பிளந்து, வெளிறிப்போன புது உடம்பு வெளியே வரும். அந்த நேரத்தில் அது அவ்வளவு மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே நசுங்கும். கால்களுக்கு உடம்பைத் தாங்கும் வலு இருக்காது. அறை உடைந்தால் மண் மேலே சரியும், ஈரம் போகும், கால்கள் கோணலாகவே இறுகிவிடும். கழற்றிய ஓட்டையும் அது வீணாக்காது. தின்று கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டேங்க்கில் உரித்த தோல் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு நாள் ஆகும்? குட்டிக்குச் சில நாள் போதும். பெரியதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஒரு மாதத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. உள்ளே போவதற்கு முன் நடை தளரும், சாப்பாட்டில் அக்கறை குறையும், வளையங்கள் விலகி இடையில் இருக்கும் வெளிர் சவ்வு தெரியும். இவற்றைப் பார்த்திருந்தால் நிம்மதியாக இருங்கள். உயிரோடுதான் இருக்கிறதா என்று மனசு கேட்கவில்லை என்றால் மண்ணின் மேல் மூக்கை வைத்துப் பாருங்கள். செத்த மரவட்டை நாறும், அதை மறைக்கவே முடியாது.

சில சமயம் கண்ணாடியை ஒட்டியே அறை கட்டிவிடும். பார்க்க அருமையான காட்சிதான், ஆனால் டார்ச் அடித்து வீடியோ எடுக்க வேண்டாம். வெளியே ஒரு கறுப்புக் காகிதத்தை ஒட்டிவிட்டு ஒதுங்குங்கள். தெரியாமல் தோண்டி அறையை உடைத்துவிட்டால் மரவட்டையைத் தூக்காதீர்கள். இடிந்த இடத்தின் மேல் ஒரு மரப்பட்டையையோ குழிவான ஓட்டுத் துண்டையோ கவிழ்த்து, பள்ளம் மூடாதபடி சுற்றிலும் ஈர மண்ணை அணைத்துவிட்டு, இருட்டாக விடுங்கள். மேலே வந்த பிறகும் ஓடு நன்றாக இறுகும்வரை கையில் எடுக்க வேண்டாம்.

தோண்டுவதற்கு அடுத்தபடியாகச் செய்யும் தவறு, மண் போதாமல் வைப்பது. நாலு விரல் ஆழத்தில் மண்ணைப் பரப்பி அதில் ஒரு ராட்சதத்தை விட்டால் அது எங்கே போய் அறை கட்டும்? மரவட்டையின் உடல் நீளத்துக்குக் குறையாத ஆழம் வேண்டும். அதிலும் வெறும் கோகோ பீட்டை மட்டும் கொட்டுகிறவர்கள் நிறைய. நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பலேறும் அதே தென்னை நார்க்கழிவுதான். ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் சத்து எதுவும் கிடையாது. மரவட்டைக்கு மண் என்பது படுக்கை மட்டுமல்ல, சாப்பாடும் அதுதான். மக்கிய இலையும், விரலால் நசுக்கினால் உதிர்கிற வெள்ளையாக மக்கிய கட்டையும் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஐரோப்பாவில் ஓக், பீச் மர இலைகளைச் சேர்க்கிறார்கள். பைன், சீடர் போன்ற பிசின் மரங்கள் ஆகாது. மருந்தடித்த தோட்டத்து இலையும் ஆகாது. கால்சியத்துக்குக் கணவாய் ஓடோ பொடித்த முட்டை ஓடோ போடலாம். வெள்ளரி, பூசணி எல்லாம் சும்மா கொறிக்கத்தான்.

சுத்தம் பண்ணுகிறேன் என்று மொத்த மண்ணையும் ஒரே நாளில் மாற்றுவதும் தோண்டுவதற்குச் சமம். கீழே ஒன்று உரித்துக்கொண்டிருக்கலாம், முட்டைகள் இருக்கலாம். எல்லாம் மேலே நடமாடும்போது, ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

ஈரத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. தினமும் மேலே மட்டும் ஸ்ப்ரே அடித்தால் மேல் இலை நனையும், அடிமண் காய்ந்து கிடக்கும். உரிப்பு நடப்பதோ அடியில். ஒரு மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி அடிவரை இறங்க விடுங்கள். கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் ஹீட் மேட்டை (சூடு தரும் விரிப்பை) டேங்க்குக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். சூடு தாங்காத மரவட்டை செய்யும் முதல் வேலை கீழே தோண்டிப் போவது. அடியிலேயே சூடு இருந்தால் அது நேராகப் போய் அதில்தான் விழும். பக்கவாட்டுக் கண்ணாடியில், மண் மட்டத்துக்கு மேலே, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும்.

கூட யாரை விடுகிறோம் என்பதும் முக்கியம். சுத்தப்படுத்தும் வேலைக்கு ஸ்பிரிங்டெயில் என்ற பொடி மண் உயிரி சாதுவானது. ஐசோபாட் என்ற சின்ன ஓட்டுடலிகளில் போர்செல்லியோ வகை புரதத்துக்கு அலையும். தோல் உரித்து மெத்தென்று கிடக்கும் மரவட்டையைக் கடித்துவிடும். அதை நான் சேர்க்கவே மாட்டேன்.

கையில் ஏற்றுவதாக இருந்தால் உள்ளங்கையை முன்னால் வைத்து அதுவாக ஏறட்டும். பிடித்து இழுத்தால் கால் ஒடியும். பயந்தால் பக்கவாட்டில் ஒரு திரவம் விடும். அதில் பென்சோகுவினோன் என்ற எரிச்சலூட்டும் ரசாயனம் இருக்கிறது. தோலில் பழுப்புக் கறை விழுந்து சில நாள் போகாது, கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். தொட்டதும் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் கண்ணைக் கசக்கிவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.